உஷார்! அந்த பாட்டிலில் இருப்பது சர்க்கரைப் பாகு அல்ல

நெய்வேலி சுற்றுவட்டாரத்தில் சாம்பல் கல் போடுகிறவர்கள், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் வார்ப்பவர்கள், வீட்டிலேயே சோப்புத்தூள் தயாரித்து விற்கும் பெண்கள், ஃபிளை ஆஷை வைத்துக் கடைசி வருஷ புராஜெக்ட் செய்யும் இன்ஜினியரிங் மாணவர்கள்: உங்களில் யார் கையிலாவது சிலிக்கேட் கேன் இருந்தால், அடுத்த முறை மூடியைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

சோடியம் சிலிக்கேட் என்பது மணலையும் சோடா உப்பையும் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்கிச் செய்யும் ஒருவகைக் கண்ணாடி. தண்ணீரில் கரையும் கண்ணாடி. கரைத்தால் நிறமின்றி, கெட்டியாக, பாகு போல வழியும். வாடை இல்லை, புகை இல்லை. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. ஆசிட் என்றால் நெடி அடித்து நம்மைப் பின்வாங்க வைக்கும். இது எந்த எச்சரிக்கையும் தராது. 'சோப்பில் போடுகிற சாமான்தானே' என்று வெறுங்கையால் அள்ளுகிறோம். ஆனால் இதன் காரத்தன்மை பி.எச். அளவில் 11 முதல் 13 வரை போகும். துணி சோப்பு 10 பக்கம் நிற்கும். அந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பதை மறக்க வேண்டாம்.

வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்துக் குழந்தைகளின் கண் பழுதாவதை நம் ஊர்க் கண் டாக்டர்கள் நன்றாக அறிவார்கள். காரம் பட்டால் நடப்பது அதுதான். ஆசிட் பட்ட இடத்தில் திசு உறைந்து, மேலும் உள்ளே போகாமல் ஓரளவுக்குத் தடுக்கும். காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். துடைத்துவிட்டோம் என்று நாம் நினைத்த பிறகும் இறங்கும்.

நெய்வேலிக்கு இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், காரணம் சாம்பல். 1962இல் இங்கே அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து பழுப்பு நிலக்கரி எரிந்து சாம்பல் வந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சாம்பலைச் சிமென்டே இல்லாமல் கல்லாக இறுக்கும் முறைக்கு ஜியோபாலிமர் என்று பெயர். பெயர் வைத்தவர் பிரான்ஸைச் சேர்ந்த ஜோசப் டேவிடோவிட்ஸ். நல்ல தொழில்நுட்பம், சந்தேகமில்லை. ஆனால் சாம்பலை இறுக்குவது சோடியம் சிலிக்கேட்டும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்த கரைசல். வழக்கமாகச் சொல்லும் 8 மோலார் காஸ்டிக் என்றால் ஒரு லிட்டர் கரைசலில் 320 கிராம். அதைக் கரைக்கும்போதே கரைசல் கொதிநிலையை நெருங்கிச் சூடாகும். அதனால்தான் முந்தின நாளே கரைத்து ஆறவிடச் சொல்கிறார்கள். அவசரத்தில் காஸ்டிக் வில்லைகளின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். தண்ணீரில்தான் வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். கலவை சீக்கிரம் இறுகும். இறுகுகிறதே என்ற பதற்றத்தில் கரண்டியைப் போட்டுவிட்டுக் கையால் அச்சில் அமுக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முழங்கை வரை ரப்பர் கையுறை, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, இரண்டும் இல்லாமல் கலவை போட வேண்டாம். அலுமினியச் சட்டியும் ஜிங்க் பூசிய வாளியும் கூடாது. காரம் அந்த உலோகங்களை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

பீங்கான் பட்டறையில் அளவு குறைவு. களிமண் குழம்பு குறைந்த தண்ணீரிலேயே அச்சுக்குள் வழிந்தோட, மண்ணின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே சிலிக்கேட் போதும். குழம்பு பெரிதாகச் சுடாது. ஆனால் மூலையில் நிற்கும் கேனில் இருப்பது அதே முழு வீரியச் சரக்கு. சோப்புத்தூளுக்கு வாங்கும் மெட்டாசிலிக்கேட் தூளோ சாதாரண சிலிக்கேட் திரவத்தைவிடக் கடுமையானது. மூட்டையைப் பிரிக்கும்போது பறக்கும் தூசி மூக்கையும் தொண்டையையும் புண்ணாக்கும். பிள்ளைகள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

சோடியம் சிலிக்கேட்டின் பலத்தைக் குறைவாக எடை போடாதீர்கள். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலையிலிருந்து கடலுக்குள் கசிந்த கதிரியக்க நீரை அடைக்க மண்ணுக்குள் செலுத்தியது இதைத்தான். 2009இல் அமெரிக்க அரசு பழைய கார்களை வாங்கி ஒழித்தபோது, என்ஜின் ஆயிலை வடித்துவிட்டு இதை ஊற்றி ஓடவிட்டார்கள். என்ஜின் இறுகி நின்றுபோனது. அட்டைப் பெட்டி ஒட்டுவது, வெல்டிங் ராடின் மேல்பூச்சு, வார்ப்பட மணல் அச்சு என்று இது இல்லாத தொழில் குறைவு. ஆகவே ஒழித்துவிட முடியாது; ஒழிக்கச் சொல்லவும் இல்லை.

ஆனால் ஒன்றை இன்றே நிறுத்த முடியும். குடிநீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் இதைச் சில்லறையாக ஊற்றி வாங்கி வருவதை. கடைக்காரர் ஊற்றித் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது தண்ணீரா சிலிக்கேட்டா என்று தெரியாது. தரையில் சிந்தியதையும் காயவிடாதீர்கள். காய்ந்தால் கண்ணாடிச் சில்லாகக் காலைக் கிழிக்கும். மிச்சத்தை ஊற்றிய சாக்கடையிலேயே கழிவறை ஆசிட்டையும் ஊற்றினால் கெட்டிக் கூழாகிக் குழாயை அடைக்கும்.

கண்ணில் பட்டுவிட்டதா? அந்த நொடியே குழாயடிக்கு ஓடுங்கள். இமையை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு, வினிகர், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். கழுவுவதற்கு முன் ஆட்டோ தேடாதீர்கள். கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஏறி வரும்போது உணவுக்குழாயை மறுபடியும் பொசுக்கும். வாயைக் கொப்பளிக்க வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது கேனின் லேபிளையும் எடுத்துக்கொள்ளுங்கள், காஸ்டிக் கலந்ததா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.