தொட்டறிந்ததைக் கண் அறியுமா?

டப்ளின் நகரத்து வில்லியம் மாலினூவின் மனைவி பார்வை இழந்தவர். அதனால்தானோ என்னவோ, 1688-இல் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு மாலினூ ஒரு கேள்வி அனுப்பினார். பிறந்ததிலிருந்து பார்வையில்லாத ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தடவியே இனம்காணப் பழகியவர். அவருக்குப் பார்வை கிடைத்தால், தொடாமல் எது எதுவென்று சொல்வாரா? மாட்டார் என்பதே இருவரின் முடிவும்.

1728-இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், சிறு வயதிலேயே பார்வை போன ஒரு சிறுவனுக்குக் கண்புரை நீக்கிய கதையை எழுதினார். பொருள்களெல்லாம் தன் கண்ணை வந்து தொடுவதாகவே சிறுவன் நினைத்தான். எது பூனை, எது நாய் என்பது மறந்துபோகும், கேட்கவும் வெட்கம். ஒருநாள் பூனையைப் பிடித்துத் தடவியபடியே உற்றுப் பார்த்தான். அடுத்த முறை உன்னைத் தெரிந்துகொள்வேன் என்று அதனிடமே சொன்னானாம்.

முறையான சோதனைக்கு இந்தியா வரவேண்டியிருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவிப் பார்வைக் குறை நீக்கப்பட்ட, 8 முதல் 17 வயதுவரையான ஐந்து பேரைச் சோதித்தார்கள். 2011-இல் முடிவு வெளியானது. பார்த்ததைப் பார்த்தே அடையாளம் காண்பதில் பெரிய தடுமாற்றம் இல்லை. கையால் தடவியதைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொன்னபோதோ, பூவா தலையா போட்டதுபோலத்தான் விடை வந்தது. ஆனால் சில நாள்களிலேயே தேறிவிட்டார்கள். இந்த வேகத்தை மாலினூவும் லாக்கும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் தடுமாறியதற்குக் காரணம் இதுதான்: விழித்திரை மூளைக்கு அனுப்புவது பொருள்களை அல்ல, ஒளியும் நிறமும் மாறும் குறிப்புகளை. எந்தத் திட்டு எந்தப் பொருளைச் சேர்ந்தது, எது வெறும் நிழல் என்பதை மூளைதான் பிரித்தெடுக்க வேண்டும். புதிதாகப் பார்வை பெற்றவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த வடிவங்களைத் துண்டு துண்டாகவே கண்டார்கள். வடிவங்களை நகர்த்திக் காட்டியதும் சட்டென்று பிரித்தறிந்தார்கள். சேர்ந்து நகர்பவை ஒரே பொருள் என்பதே மூளை முதலில் பற்றிக்கொள்ளும் துப்பு.

இவ்வளவு பழகினாலும், நுட்பமான கூர்மை மட்டும் முழுதாக வருவதில்லை. அதற்குரிய நரம்பு இணைப்புகள் பிஞ்சு வயதில், தெளிவான ஒளி விழுந்தால்தான் சரியாக அமையும். பிறவிக் கண்புரையை முதல் இரண்டு மாதத்துக்குள் அகற்றச் சொல்வது இதனால்தான். கைக்குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள்; உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.