சிலிண்டரைச் சீவ எந்தப் பட்டறைக்குப் போவது?

தலைநகரில் குடியேறிய நம் குடும்பங்கள் சிலவற்றில் அப்பா ஓட்டிய பழைய புல்லட் இன்னும் இருக்கிறது. சென்னைத் திருவொற்றியூரில் பிறந்த வண்டியாயிற்றே என்று பிள்ளைகள் அதைப் பிரித்துப் புதுப்பிக்கிறார்கள். அப்போது, "சிலிண்டர் உயரத்தைக் கொஞ்சம் குறைத்தால் இழுவை கூடும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். சீவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம்.

புல்லட் 350 சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ.; கொள்ளளவு 346 சி.சி. உயரத்தைக் குறைத்தாலும் இந்த 346 மாறாது. பிஸ்டனுக்கு மேலுள்ள எரியறைதான் சுருங்கும். அழுத்த விகிதம் 7 என்று வைத்துக்கொண்டால் எரியறை சுமார் 57.7 சி.சி. உயரத்தில் 1 மி.மீ. சீவினால் அதில் 3.85 சி.சி. குறைந்து, விகிதம் 7.4 ஆகும். பலன் அவ்வளவே.

ஆனால் பிஸ்டனும் வால்வும் 1 மி.மீ. நெருங்கிவிடும். புஷ்ராடின் நீளம் மாறாததால் டாப்பெட்டைத் திருக இடம் இருக்க வேண்டும்; இல்லையேல் வால்வு சரியாக மூடாமல் கருகும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் அடிப்பக்கத்தைச் சீவினால் போர்ட்டுகள் திறக்கும் நேரமே மாறும்.

இடைவெளியை வீட்டிலேயே அளக்கலாம். ரயில்வே டீசல் ஷெட்டுகளில் ஈயக் கம்பியை பிஸ்டன்மேல் வைத்து நசுக்கி அளப்பது வழக்கம். புல்லட்டுக்குப் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண் போதும். பிஸ்டன் தலையில் அதை அப்பி, கேஸ்கெட்டுடன் ஹெட்டை இறுக்கி, டாப்பெட்டையும் சரிசெய்து, இஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பிறகு களிமண் எங்கே மெலிந்திருக்கிறது என்று பாருங்கள்.

இனி பட்டறை. லேத்தை இந்திக்காரர்கள் 'கராத்' என்பார்கள். கரோல் பாக்கில் புல்லட் மெக்கானிக்குகள் பலர் உண்டு; ஆனால் மெக்கானிக் வேறு, கடைசல்காரர் வேறு. லாரி, டிராக்டர் இஞ்சின்களுக்கு ரீபோர் செய்யும் பட்டறையாகப் பார்த்து, மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. சிலிண்டரை எப்படிப் பிடிப்பீர்கள்? உள்துளையில் மாண்ட்ரல் செருகிப் பிடிப்பதாகச் சொன்னால் நல்லது. மெல்லிய அடிப்பகுதியைச் சக்கில் இறுக்கினால் துளை கோணும்.

2. டயல் கேஜ் இருக்கிறதா? சீவிய முகம் துளைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று அதைக் கொண்டுதான் காட்ட முடியும்.

3. கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, ஒவ்வொரு முறையும் அளப்பீர்களா?

"எவ்வளவு வேண்டுமானாலும் சீவலாம், விட்டுப் போங்கள்" என்றால் சிலிண்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒப்புக்கொண்டால், இப்போதைய உயரம், வேண்டிய உயரம், எந்த முகம் என்ற மூன்றையும் படத்துடன் எழுதிக் கொடுங்கள். மொழி தடுமாறினாலும் எண்கள் தடுமாறா.

கடைசியாக ஒன்று. பழைய வண்டியில் இழுவை குறைய, துளையும் ரிங்கும் தேய்ந்ததே பெரும்பாலும் காரணம். ரீபோர் செய்து புது பிஸ்டன், ரிங் போட்டு, வால்வைத் தேய்த்து உட்காரவைத்தாலே போதும். சிலிண்டரைச் சீவ வேண்டிய தேவையே வராமல் போகலாம்.