கையேந்தும் முன் தட்ட வேண்டிய கதவு

"என் படத்தை மட்டும் போடாதே." மாலா என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அதைத்தான் நான் காப்பாற்றவில்லை.

மாலா அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. கிள்ளானில் இடைநிலைப்பள்ளி முழுக்க ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். இப்போது இருவருக்கும் வயது 41. அவள் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். சம்பளம் 2,600 வெள்ளி. கணவர் லாரி ஓட்டுநர். ஓட்டம் நன்றாக இருக்கும் மாதத்தில் 2,200 வெள்ளி கொண்டு வருவார். ஒரே மகள், தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு.

போன தீபாவளி முடிந்து இரண்டு வாரத்தில் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. தனியார் மருத்துவமனையில் திசுப் பரிசோதனை செய்தார்கள். ஹெர்2 பாசிட்டிவ் வகைப் புற்றுநோய் என்று வந்தது. அறுவை சிகிச்சை, கீமோ, பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓராண்டு வரை டிராஸ்டுசுமாப் என்ற மருந்து. டாக்டர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். மாலா கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு ஆகும் டாக்டர்?"

அவளிடம் மெடிக்கல் கார்டு இருந்ததுதான். மாதம் 180 வெள்ளி. கணவருக்கு லாரி வேலை இல்லாமல் போன காலத்தில் அதைத்தான் முதலில் நிறுத்தினார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் பள்ளிப் பேருந்துக் கட்டணமா, கார்டா என்று வந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள். அன்றிரவே போஸ்டர் தயாரித்தேன். படம் இல்லாமல் அனுப்பினேன். இரண்டு நாளில் 640 வெள்ளி வந்தது. "முகம் இல்லாம யாரு நம்புவா?" என்று ஒரு பழைய மாணவர் புலனக் குழுவில் கேட்டார். மூன்றாம் நாள் அவளுடைய கல்யாணப் படத்தை வெட்டி ஒட்டிவிட்டேன். ஒன்பது நாளில் 21,300 வெள்ளி சேர்ந்தது. நான் வெற்றி பெற்றதாகவே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மகள் பள்ளி விட்டு வந்து, "அம்மா, நீங்க சாகப் போறீங்களான்னு ஃபிரண்ட்ஸ் கேக்குறாங்க" என்றாளாம். வகுப்பிலிருந்த பிள்ளைகளின் அம்மாக்கள் கைப்பேசியில் எல்லாம் அந்தப் போஸ்டர். மகளுக்கு மாலா சொல்லியிருந்தது, கையில் சின்ன ஆப்பரேஷன் என்று. மாலா என்னைத் திட்டவில்லை. மூன்று நாள் என் அழைப்பை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பணத்திலும் எனக்கு ஒரு பாடம் காத்திருந்தது. என் சொந்த வங்கிக் கணக்கு எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். "பாதி அவளுக்கே போயிருக்கும்" என்று யாரோ பேசியது என் காதுக்கே வந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு பள்ளிக் கட்டுரை நோட்டில் தேதி, பெயர், தொகை என்று எழுதி, பில்களின் நகலோடு குழுவில் போட்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. இன்னொருவர், பாசார் மாலாமில் பெட்டி வைத்து வசூலிக்கலாம் என்றார். நல்லவேளை செய்யவில்லை. தெருவிலும் வீடு வீடாகவும் நிதி திரட்ட போலீஸ் அனுமதி வேண்டும் என்று 1947ஆம் ஆண்டிலிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது.

அறுவை சிகிச்சை பில் 27,400 வெள்ளி. நாங்கள் திரட்டியது போக மீதி 6,100 வெள்ளிக்கு மாலாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனது. அடுத்த நாள் மற்ற சிகிச்சைகளுக்கான மதிப்பீட்டைத் தந்தார்கள். ஒரு லட்சத்தைத் தாண்டியது. இன்னொரு போஸ்டர் போடும் தெம்பு எனக்கு இல்லை. போட்டாலும் கொடுத்தவர்களே எத்தனை முறை கொடுப்பார்கள்?

எங்கள் தாமானில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். இன்னமும் எல்லாருக்கும் அவர் மிஸ்ஸி அக்காதான். அவரிடம் புலம்பியபோது என்னையே உற்றுப் பார்த்தார். "ஏம்மா, கவர்மெண்டு ஆஸ்பத்திரியில சோசியல் வொர்க்கரைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. அரசாங்க மருத்துவமனை என்றால் நீண்ட வரிசை, தேதி கிடைக்காது என்பதோடு எங்கள் அறிவு முடிந்திருந்தது.

கிளினிக் கெசிஹாத்தானில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, தனியார் மருத்துவமனை அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு போனோம். குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளுக்கு 3 வெள்ளி. 27,400 வெள்ளி கட்டிய ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு 5 வெள்ளி ரசீதை வாங்கும்போது மாலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை.

கீமோவுக்குத் தேதி கிடைத்தது. சிக்கல் டிராஸ்டுசுமாப்பில்தான். மருத்துவமனை ஒதுக்கீட்டில் அதற்காகக் காத்திருப்பவர்கள் பலர் என்றும், மருந்துக்கு வேறு வழியில் பணம் கிடைத்தால் இங்கேயே ஏற்றலாம் என்றும் டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு சின்னத் தாளில் அறை எண் எழுதித் தந்தார். மருத்துவ சமூகப் பணிப் பிரிவு.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய் அம்மையார். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தனியாரில் ஏற்கெனவே கட்டிய பில்லைக் காட்டி, இதற்கும் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். சுகாதார அமைச்சின் தாபோங் பந்துவான் பெருபாத்தான் எனப்படும் மருத்துவ உதவி நிதி, முன்பே கட்டி முடித்த பணத்தைத் திருப்பித் தராது. இனி வாங்க வேண்டிய மருந்துக்கோ கருவிக்கோதான் உதவும். அதையும் நோயாளி கையில் தராது. மருந்து தருபவருக்கே நேராகச் செலுத்தும். விண்ணப்பம் அரசாங்க மருத்துவமனைகளின் இந்தப் பிரிவு வழியாகவே போக வேண்டும். "முதலிலேயே ஏன் வரவில்லை?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. பலரிடம் தினமும் கேட்டுக் களைத்துப்போன குரல்.

அடுத்த இரண்டு வாரம் தாள் சேர்க்கும் வேலை. கணவன் மனைவி இருவரின் சம்பளச் சீட்டு, இபிஎஃப் அறிக்கை, வங்கி அறிக்கை, வீட்டு வாடகை ஒப்பந்தம், மின்சார பில், மகளின் பிறப்புச் சான்றிதழ், டாக்டர் அறிக்கை, மருந்தின் விலைப்பட்டியல். கணவருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. முதலாளி கையில் எண்ணிக் கொடுப்பவர். அவரிடம் ஒரு கடிதம் வாங்க மூன்று நடை நடந்தேன். வரி பயத்தில் எழுதித் தர யோசித்தார் மனிதர். உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கைச்சம்பளம் வாங்குகிறார்களா? இன்றே ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

ஆறு வாரத்தில் அனுமதி வந்தது. முழுத்தொகை அல்ல, பெரும்பகுதி. மீதிக்கு மாலாவின் சொந்தப் பணமே இருந்தது, அவளுக்கே நினைவில்லாமல். இபிஎஃப் கணக்கு 2024 மே மாதத்திலிருந்து மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அதில் செஜாத்திரா கணக்கிலிருந்து கடும் நோய்ச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். 55 வயது வரை அந்தப் பணத்தைத் தொடவே முடியாது என்று நினைத்துத் தாலிக்கொடியை அடகு வைத்திருந்தாள்.

எஸ்டிஆர் உதவி பெறும் குடும்பம் என்பதால், 40 வயதைக் கடந்தவர்களுக்கான பீக்கா பி40 திட்டத்திலும் அவள் பெயரைச் சேர்த்தார்கள். அமைச்சு மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கு மொத்தம் 1,000 வெள்ளி ஊக்கத்தொகை. தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரை. பெரிய தொகை இல்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை நாள் லாரி ஓட்டத்தை விட்டுவிட்டு வரும் கணவருக்கு அதுவும் தேவைதான். மக்னா, தேசியப் புற்றுநோய் சங்கம் போன்ற அமைப்புகளையும் அந்த அம்மையார் எழுதித் தந்தார்.

இதற்கிடையில் அலுவலகத்தில் வேறு கதை. "உடம்பைப் பார்த்துக்கொள், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, குணமானதும் பார்க்கலாம்" என்று அன்பாகத்தான் பேசினார்கள். மாலா பேனாவை எடுத்துவிட்டாள். தடுத்தது மிஸ்ஸி அக்கா. "கையெழுத்துப் போடாதே கண்ணு. போட்டா எல்லாத்தையும் விட்ட மாதிரி." மருத்துவமனையில் தங்கினால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 முதல் அது சாதாரண மருத்துவ விடுப்பில் சேராது, தனி. தானாக ராஜினாமா செய்தவருக்கு வேலை காப்புறுதித் திட்டத்தின் உதவியும் கிடைக்காது. சொக்சோ என்றால் வேலையிடத்து விபத்துக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இனி உழைக்க முடியாத அளவுக்கு நோய் முடக்கிவிட்டால், அது எங்கே எப்படி வந்த நோயாக இருந்தாலும், 60 வயதுக்கு உட்பட்ட சந்தாதாரர் பென்ஷன் இலாத்துக்கு விண்ணப்பிக்கலாம். போதிய சந்தா கட்டியிருக்க வேண்டும். முடிவு மருத்துவ வாரியத்தின் கையில். மாலாவுக்கு அந்த நிலை வரவில்லை. அவள் பாதி நாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

படத்தைப் பற்றி ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். "போட்டதுக்குக் கோவமில்ல. கல்யாணப் படத்தப் போட்டியே, அதுதான். அன்னிக்கு நான் எவ்ளோ சந்தோஷமா இருந்தேன் தெரியுமா?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. அந்தப் போஸ்டர் இப்போதும் எங்கோ ஒரு குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும். கணக்கு எண்ணில் போன மாதம்கூட 20 வெள்ளி விழுந்தது. அனுப்பியவரைத் தேடித் திருப்பிக் கொடுத்தேன்.

சென்ற வியாழக்கிழமை ஒன்பதாவது ஊசி. பக்கத்து நாற்காலியில் பந்திங்கிலிருந்து வந்த ஓர் அம்மா. முதல் கீமோ. கூட இருந்த மகனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கைப்பேசியில் எதையோ நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். அம்மாவின் படம், கீழே வங்கிக் கணக்கு எண்.

மாலாவும் பார்த்துவிட்டாள்.

"தம்பி, கீழே சோசியல் வொர்க் அறைக்குப் போனீங்களா?"

"இல்லக்கா. அது எங்க இருக்கு?"

"கொஞ்சம் இருங்க. அத இன்னும் யாருக்கும் அனுப்பாதீங்க."

ஊசி முடிந்ததும் அவளே அவனைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.