வீட்டிற்கு ஜெனரேட்டர்: வாங்குமுன் அறியவேண்டியவை

சங்கங்களின் கணக்குகளைப் பரிசீலிக்க நாம் செல்லுமிடங்களில், கணக்கிற்குச் சம்பந்தமில்லாத கேள்விகளும் நம்மிடம் கேட்கப்படுவதுண்டு. அவற்றுள் அடிக்கடி வருவது இது: "ஐயா, வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கலாமென்றிருக்கிறோம். எத்தனை கே.வி.ஏ. வாங்கலாம்?" இதற்கு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று. இயந்திரம் எவ்விடத்தில் நிற்கப்போகிறது, அதன் மின்சாரம் எவ்வழியாக வீட்டிற்குள் நுழையப்போகிறது என்னும் இரண்டையும் முடிவு செய்த பின்னரே அளவைப்பற்றிப் பேசவேண்டும். இம்முடிவுக்கு நாம் வந்தது புத்தகத்தைப் படித்தன்று.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்கள் பல்லாயிரக் கணக்கில் சாய்ந்தன. தென்னையையே நம்பியிருந்த ஊர்களில் தோப்புகள் தரையோடு தரையாயின. பல கிராமங்களுக்கு வாரக் கணக்கில் மின்சாரம் திரும்பவில்லை. மேல்நிலைத் தொட்டியில் நீரேற்ற வழியில்லாமற் போகவே, கலியாணப் பந்தல்களுக்கு விளக்குப் போடுகிறவர்களின் ஜெனரேட்டர்கள் வாடகைக்கு ஊர் ஊராகச் சென்றன. சேதக் கணக்கின்பொருட்டு நாம் அப்போது பட்டுக்கோட்டை வட்டாரத்தில் இருந்தோம்.

அங்கே ஓர் அங்கத்தினர் வீட்டிற்குச் சென்றபோது பின்கட்டில் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே தூறல், இயந்திரம் நனைந்துவிடக் கூடாதென்று உள்ளே வைத்திருந்தார். கதவு திறந்திருந்தது, சன்னலும் திறந்திருந்தது. ஆகவே புகை போய்விடுமென்று நினைத்திருக்கிறார். அடுத்த அறையிற் படுத்திருந்த அவருடைய தாயாருக்குக் காலையிலிருந்தே தலைவலி, பிறகு வாந்தி. பித்தமென்று கருதிச் சுக்குக் கஷாயம் கொடுத்திருந்தார்கள். நாம் போன வேளையில் அவ்வம்மையார் அழைத்தாலும் சரியாக விடையளிக்க இயலாத நிலையிலிருந்தார். இயந்திரத்தை நிறுத்தி, அவரைக் கட்டிலோடு வாசலுக்குத் தூக்கி வந்தோம். மருத்துவமனையிற் பிராணவாயு கொடுத்த பிறகே தேறினார்.

பெட்ரோலும் டீசலும் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் மூக்கிற்கு எட்டும் புகை வேறு, உயிரைக் குடிக்கும் இவ்வாயு வேறு. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலோடு இது கைப்பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கும். தூங்குகிறவர் அறிகுறியை அறியாமலே இறந்துபோகலாம். கதவு சன்னல்களைத் திறந்துவைப்பது போதாது. இயந்திரம் வீட்டிற்கு வெளியே, குறைந்தது இருபது அடி தூரத்தில், புகைபோக்கி வீட்டை நோக்காத வண்ணம் நிற்கவேண்டும். திண்ணை, மாடிப்படியின் அடி, கார் நிறுத்தும் கொட்டகை, தறிக்கூடம் ஆகிய எதுவும் வெளியிடமாகாது. மழைக்கு நாற்புறமும் சுவரில்லாத கூரையொன்று போடலாம்.

நெசவாளர்களுக்கு மேலும் ஒரு சொல். தறிக்கூடத்திற் பறக்கும் பஞ்சுத்தூசி சூடான சைலன்சரில் படிந்தால் தீப்பிடிக்கும். விவசாயிகளுக்கு வைக்கோற்போர் அத்தகையதே. ஓடும் இயந்திரத்தில் எரிபொருள் ஊற்றலாகாது; நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றவேண்டும். பெட்ரோலை வீட்டிற் சேர்த்துவைப்பதற்கும் வரம்புண்டு. உரிமமின்றி 30 லிட்டருக்கு மேல் வைத்திருக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. நம் கருத்தில் வீட்டிற்கு அதுவே மிக அதிகம்.

அன்றைய நிகழ்ச்சி அத்துடன் முடியவில்லை. அம்மையாரை அனுப்பிவிட்டு நாம் வாசலில் நிற்கையில், மின் ஊழியர் ஒருவர் தெருமுனையிலிருந்து வேகமாக நடந்து வந்தார். வெளிமாவட்டத்திலிருந்து சீரமைப்புப் பணிக்கு வந்தவர். "இங்கே ஜெனரேட்டர் ஓட்டியது யார்?" என்றார். கம்பத்தில் ஏறுமுன் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. மின்சாரமே வந்திராத கம்பியிற் சோதனை விளக்கு எரியவே, இயந்திரச் சத்தம் கேட்ட திசையை வைத்துத் தேடி வந்திருக்கிறார். வீட்டினுள் சென்று பார்த்தால், ஜெனரேட்டரிலிருந்து வந்த ஒரு வயரின் இரு முனையிலும் பிளக் மாட்டி, ஒன்றைச் சுவரிலிருந்த பிளக் துளையிற் செருகியிருந்தார்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார்கள். வீட்டிற்கென்று உண்டாக்கிய மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக்கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதன் விபரீதத்தை அங்கத்தினர்கள் நன்கு உணரவேண்டும். தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை நம் வீட்டு அளவிற்குக் குறைத்துத் தருகிறது. அதே டிரான்ஸ்பார்மருக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து 230 வோல்ட்டை ஊட்டினால், அது தலைகீழாக வேலை செய்து மேற்பக்கக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை எழுப்பும். அக்கம்பியை எங்கோ இரண்டு மைலுக்கப்பால் ஒருவர் கையால் பிடித்துக் கட்டிக்கொண்டிருப்பார். அவருக்கும் நமக்கும் முன்பின் அறிமுகமிராது. மேலும், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் வாரிய மின்சாரம் திடீரென்று திரும்பினால் இயந்திரமே எரிந்துபோகும். இந்த அபாயத்தை முன்னிட்டே, மின்கலமின்றி வாரியக் கம்பியோடு இணைத்துக் கூரையில் அமைக்கும் சூரிய மின் தகடுகள், தெருவில் மின்சாரம் நின்றதும் தாமே நின்றுவிடுமாறு செய்யப்பட்டுள்ளன. "கூரையில் தகடு இருந்தும் வீடு இருட்டாயிருக்கிறதே" என்று குறைப்படுகிறவர்களுக்கு இதுவே விடை.

"மெயினை அணைத்துவிட்டுத்தான் ஓட்டுவோம், ஐயா" என்று சொல்பவர் பலர். மனிதனின் நினைவை நம்பி மற்றொரு மனிதனின் உயிரை வைக்கலாகாது. இதற்கென்று உள்ள சாதனம் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். அதன் கைப்பிடி ஒருபுறம் நின்றால் வாரிய மின்சாரம், மறுபுறம் நின்றால் ஜெனரேட்டர், நடுவில் நின்றால் இரண்டுமில்லை. இரண்டும் ஒருங்கே சேர அதில் வழியே கிடையாது. வாங்கும்போது கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு: பேஸ் கம்பியோடு நியூட்ரல் கம்பியையும் சேர்த்தே மாற்றுவதாக அது இருக்கவேண்டும். ஒற்றைப் பேஸ் வீட்டிற்கு இரண்டு துருவமுள்ளது, மூன்று பேஸ் வீட்டிற்கு நான்கு துருவமுள்ளது என்று கேட்டு வாங்கவேண்டும். நியூட்ரலை வெட்டாத மலிவுச் சரக்கும் கடைகளில் உண்டு. உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டே இதைப் பொருத்தி, எர்த்தையும் அவரைக்கொண்டே அளந்து பார்க்கவேண்டும். நிலையாக நிறுத்தும் இயந்திரத்தின் உடலுக்குத் தனித்தனியே இரண்டு எர்த் இணைப்புகள் கொடுப்பது நல்ல வழக்கம். வேலை முடிந்ததும் மின் பிரிவு அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை பெற்று வைத்துக்கொள்க.

இனி அளவு. வீட்டிலுள்ளவற்றை ஒரு தாளில் எழுதுக. பத்து வாட் விளக்கு ஆறு, 60 வாட். எழுபத்தைந்து வாட் விசிறி நான்கு, 300. தொலைக்காட்சி 100. குளிர்பெட்டி ஓடும்போது 150. ஆக 610 வாட். இதனுடன் ஒரு குதிரைத்திறன் நீர்மோட்டார் சேர்ந்தால், அது இழுப்பது ஏறத்தாழ 1,100 வாட், மொத்தம் 1,710. இவ்விடத்திற்றான் பலர் தவறிவிடுகின்றனர். இரண்டு கிலோவாட் இயந்திரம் போதுமென்று வாங்கி வருவார்கள். மோட்டாரைப் போட்டதும் இயந்திரம் திணறி நிற்கும். நின்ற நிலையிலிருந்து புறப்படும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப்போலப் பன்மடங்கு மின்சாரத்தைச் சில வினாடிகளுக்கு இழுக்கிறது. நுகத்தடியிற் பூட்டிய மாடு வண்டியை முதலில் நகர்த்தத் தம் கட்டுவதைப் போன்றது இது. விசைத்தறி மோட்டாரும் குளிர்பெட்டியும் அவ்வாறே. ஆகையால் மேற்சொன்ன வீட்டிற்கு ஐந்து கே.வி.ஏ. அளவு வேண்டியிருக்கும். அப்போதும் மற்றவற்றை நிறுத்திவிட்டு மோட்டாரை முதலிற் கிளப்பி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது நலம். கே.வி.ஏ. என்பதும் கிலோவாட் என்பதும் ஒன்றல்ல என்பதையும் நினைவிற் கொள்க. மோட்டார்கள் கலந்த சுமைக்கு ஐந்து கே.வி.ஏ. என்றால் நான்கு கிலோவாட் என்று கொள்வது பொருந்தும்.

அந்த மோட்டாரை மட்டும் தாளிலிருந்து நீக்கிப் பாருங்கள். மிஞ்சியது 610 வாட். அதற்கு ஜெனரேட்டர் தேவையா என்பதே ஐயம். கைத்தறி நெய்பவர் வீட்டிற்கு விளக்கும் விசிறியும் எரிந்தால் போதும்; அதற்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் சத்தமின்றி, புகையின்றி உதவும். 2012ஆம் ஆண்டையொட்டிச் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பத்து மணி நேரத்திற்கு மேற்பட்ட மின்வெட்டு இருந்தபோது நிலைமை வேறு. இப்பொழுது நம் ஊர்களில் மின்சாரம் நிற்பது பெரும்பாலும் பராமரிப்பு நாளிலும் புயல் காலத்திலுமே. பராமரிப்பு நாளுக்கு இன்வெர்ட்டர் போதும், புயலுக்கே ஜெனரேட்டர். வயலிலுள்ள ஐந்து குதிரைத்திறன் மூன்று பேஸ் மோட்டாருக்கோ வீட்டு ஜெனரேட்டர் எவ்வகையிலும் உதவாது.

விசைத்தறிக்காரர்கள் மற்றொரு கணக்கும் போடவேண்டும். சிறிய பெட்ரோல் இயந்திரம் மணிக்கு ஒரு லிட்டர் அளவில் குடித்து, ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வரை தரும். லிட்டர் ஏறத்தாழ நூறு ரூபாய் என்று வைத்தாலும் யூனிட் ஐம்பது ரூபாய்க்குக் குறையாது. அதைக் கொண்டு தறியோட்டினால் கூலியில் என்ன மிஞ்சுமென்பதை அவரவரே கணக்கிடலாம். நாள் குறித்த ஆர்டரை முடித்துக் கொடுக்க ஓட்டுவது நியாயம். வழக்கமாக ஓட்டுவது நட்டம்.

பெட்ரோலா, டீசலா? ஆண்டில் சில நாட்கள் மட்டுமே என்றால் பெட்ரோல். நீண்ட நேரம், பெருஞ்சுமை என்றால் டீசல். ஆனால் பெரிய டீசல் இயந்திரத்தை வாங்கி இரண்டு விளக்கு எரிப்பது அதைக் கெடுப்பதாகும். சுமை குறைந்தால் எரியாத எரிபொருளும் கரியும் சைலன்சரிற் படியும். நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடுவதைவிட 1,500 சுற்று ஓடுவது விலையிற் கூடினாலும் சத்தம் குறைவு, ஆயுள் அதிகம். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வைத்திருப்பவர்கள் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரைப் பார்ப்பது நன்று. அதன் மின்னோட்டம் சீரானது. எந்த வகையாயினும் பழுது பார்ப்பவரும் உதிரிப் பாகமும் அருகிலுள்ள நகரத்திற் கிடைக்கின்றனவா என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்கவேண்டும்.

வாங்கிய இயந்திரத்தைச் சாக்குப் போட்டு மூடிவைத்துப் புயலன்று கயிற்றை இழுத்தால் அது கிளம்பாது. இப்பொழுது பங்குகளிற் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். மாதக் கணக்கில் கிடந்தால் கார்புரேட்டரை அடைக்கும். வேலையில்லாத காலத்தில் டாங்கியை வடித்துவிட்டு, மாதம் ஒருமுறை புதிய பெட்ரோல் சிறிது ஊற்றிச் சுமையுடன் கால் மணி நேரம் ஓட்டவேண்டும். புது இயந்திரத்தின் முதல் எண்ணெயைக் கையேட்டிற் கண்ட மணிக் கணக்கில், பெரும்பாலும் இருபது மணியளவில், மாற்றவேண்டும். வெள்ளம் வரும் ஊர்களில் முன்பு நீர் ஏறிய உயரத்திற்கு மேலாக ஒரு மேடை கட்டி அதன்மேல் நிறுத்துவது அவசியம்.

பட்டுக்கோட்டை வட்டாரத்து அங்கத்தினர் அடுத்த ஆண்டில் சொந்தமாக ஓர் ஜெனரேட்டர் வாங்கினார். தணிக்கைக்குச் சென்றபோது அழைத்துப்போய்க் காட்டினார். புயலில் விழுந்த தென்னைகளின் அடிக்கட்டைகளைப் பெயர்த்த இடத்தில், கிணற்றடிக்கு அப்பால், சிமெண்ட் மேடையும் தகரக் கூரையும் போட்டிருந்தார். வீட்டின் மீட்டர் பெட்டிக்கருகில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார், "அந்தச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறதே, இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதா?" என்று மகனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.