கல்லும் நீரும் சொல்லும் ஊர்க்கதை

வரலாற்றுச் சின்னம் என்றதும் நமக்கு மாமல்லபுரமும் தஞ்சைப் பெரிய கோயிலும் நினைவுக்கு வருகின்றன. "உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்பதே பெரும்பாலோர் கூறும் விடை. இவ்விடை சரிதானா?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாசானியஸ் என்னும் அறிஞர் கிரேக்க நாட்டைச் சுற்றிவந்து பயணநூல் ஒன்றை எழுதினார். பனோபியஸ் என்ற இடத்திற்கு வந்தபோது, இதனை நகரம் என்று சொல்லலாமா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. அங்கே அரசு அலுவலகம் இல்லை, அரங்கு இல்லை, சந்தைவெளி இல்லை, இறங்கி வந்து ஊற்றில் விழும் நீரும் இல்லை என்று அவர் குறித்தார். பொது நீரூற்று இல்லாத இடம் ஊராகாது என்பது அவர் கண்ட இலக்கணம்! இன்றும் கிரேக்க மலைக் கிராமங்கள் பலவற்றில் ஊர் நடுவே நீரூற்றையும் அதன் அருகே தேவாலயத்தையும் காணலாம்.

நம் நாட்டிலும் கோயிலும் குளமும் இணைபிரியாதவை. இரண்டுக்கும் அடியில் இருப்பது கல். கல் எங்கே நிற்கிறது, நீர் எங்கே தங்குகிறது என்று பார்க்கத் தெரிந்தால் எந்தச் சிற்றூரையும் படித்துவிடலாம். நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் உள்ள எருமப்பட்டியை மையமாக வைத்து, அத்தகைய ஓர் உலா வருவோம், வாருங்கள்.

ஒற்றைப் பாறை நின்றது ஏன்?

முதலில் நாமக்கல் செல்வோம். சமவெளியின் நடுவே சுமார் 200 அடி உயரத்திற்கு ஒரே பாறை எழுந்து நிற்கிறது. இதனை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. இவ்வட்டாரத்தின் அடிப்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை. பூமியின் ஆழத்தில் உருவான இவை, மேலே மூடியிருந்தவை அரித்துச் செல்லப்பட்ட பிறகு வெளியே தலைகாட்டின.

பாறையில் விரிசல் மிகுந்த இடத்தில் மழைநீர் புகும்; கனிமங்கள் சிதைந்து மண்ணாகும். விரிசல் குறைந்த இடத்தில் நீருக்கு வழியில்லை. எனவே சுற்றிலும் உள்ளவை கரைந்து போக, உறுதியான பகுதி மட்டும் குன்றாக எஞ்சும். வெங்காயம் தோல் உரிவதுபோல் இத்தகைய பாறைகள் மேலிருந்து தகடு தகடாக உரிவதையும் நீங்கள் காணலாம்.

விரிசல் இல்லாத இந்த உறுதியே சிற்பிக்கு வாய்ப்பாக அமைந்தது. எட்டாம் நூற்றாண்டில் அதியமான் மரபினர் இப்பாறையின் மேற்குப் பக்கத்தில் நரசிம்மருக்கும், கிழக்குப் பக்கத்தில் அரங்கநாதருக்கும் குடைவரைக் கோயில்கள் அமைத்தனர். அரங்கநாதர் கோயிலில் உள்ள கிரந்தக் கல்வெட்டு அதனை 'அதியேந்திர விஷ்ணு கிருகம்' என்று குறிப்பிடுகிறது. கட்டடத்தில் ஒரு கல் பழுதானால் வேறு கல்லை வைக்கலாம். குடைவரையில் உளி ஒரு முறை பிசகினால் மாற்றுக் கல் கிடையாது. இதனை நினைத்துக்கொண்டு இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரின் சிற்பத்தைப் பாருங்கள். அச்சிற்பியின் துணிவு விளங்கும்.

பாறையே நீர்ப்பிடிப்பு

பாறையின் அடியில் கமலாலயக் குளம் உள்ளது. குளத்துக்கு அது நல்ல இடந்தானா என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேர் பரப்பில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் 100 கனமீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர். இப்பகுதியில் ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 75 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அப்படியானால் ஒரு ஹெக்டேர் பாறையின் மேல் விழுவது 75 லட்சம் லிட்டர்! மண் தரை இதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். வெறும் பாறையோ வழித்து அனுப்பிவிடும். இதில் பாதி வீணானாலும் மீதி ஒரு குளத்துக்குப் போதுமான சொத்து. பாறை ஒரு கூரை என்றால், அதன் அடியில் உள்ள குளம் ஒரு தொட்டி. கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் வழியை அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மழை நின்ற பிறகும் வரும் நீர்

இனிக் கொல்லிமலைக்கு ஏறுவோம். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகே ஐயாறு ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. மழை நின்று பல நாள் கழிந்த பிறகும் ஓடைகளில் நீர் வருவது எப்படி?

அடியில் துளையுள்ள பூந்தொட்டி ஒன்றில் மணலை நிரப்பி ஒரு குவளை நீரை ஊற்றுங்கள். ஊற்றுவதை நிறுத்திய பின்னும் துளையில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மலையின் மேலுள்ள மண்ணும் சிதைந்த பாறையும் இந்த மணலைப் போன்றவை. மழைநீர் அவற்றில் மெல்ல இறங்கி, கீழே இறுகிய பாறையைத் தொட்டதும் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் ஊற்றாக வெளிப்படுகிறது. மேலுள்ள மண் அரிக்கப்பட்டால் பூந்தொட்டி காலியாகும். கீழே ஊற்றும் வற்றும்.

ஒரு கல்லறையும் ஒரு புழுவும்

நம் உலாவில் தேவாலயமும் உண்டு. 1623-இல் ராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலியப் பாதிரியார் மதுரையிலிருந்து வடக்கே புறப்பட்டு, கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ராமச்சந்திர நாயக்கரைக் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலத் தம்பதியர் மலைமேல் வாழவந்தியில் குடியேறிச் சமயப் பணியோடு மருத்துவமும் செய்தனர். தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யும் அறுவை மருத்துவத்தை வேலூரில் வளர்த்த டாக்டர் பால் பிராண்ட் இவர்களின் மகன். 1914-இல் பிறந்தவர். ஜெஸ்ஸி 1929-இல் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். ஈவ்லின் பின்னர் மலைக்கே திரும்பி, 95 வயதில் 1974-இல் மறைந்தார். இருவரும் அம்மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

இக்கல்லறைகளுக்கும் நீருக்கும் தொடர்பு உண்டு. தம் தந்தை நரம்புச் சிலந்திப் புழுவை நோயாளியின் காலிலிருந்து குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்ததைப் பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். இப்புழு ஒரு மீட்டர் வரை வளரும். அது தோலைத் துளைத்து வெளிவரும்போது கால் எரியும். நோயாளி நீரில் காலை நனைப்பார். உடனே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். அவற்றை நுண்ணிய நீர்ப்பூச்சிகள் விழுங்கும். அந்நீரைக் குடிப்பவருக்கு ஓராண்டில் நோய் வெளிப்படும். இறங்கி மொள்ளும் படிக்கிணறு இதற்கு மிகவும் ஏற்ற இடம்! படிக்கிணறுகளை மூடி இறைகிணறுகளாக மாற்றியதும், நீரைத் துணியில் வடிகட்டிக் குடித்ததும் நோயை விரட்டின. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல் காணப்பட்டார். 2000-இல் நம் நாடு இந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே உங்கள் ஊரில் படிகளை அடைத்துவிட்ட பழங்கிணறு இருந்தால், அதற்கு என்ன காரணம் என்று கேட்டுப் பாருங்கள்.

கிணற்றைப் படியுங்கள்

மீண்டும் சமவெளிக்கு, எருமப்பட்டிக்கு வருவோம். இங்கே மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறை. அதற்கும் கீழே இறுகிய பாறை. நீர் தங்குவது சிதைந்த அடுக்கிலும் விரிசல்களிலும் மட்டுமே. திறந்த கிணற்றின் சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தால் இந்த அடுக்குகள் பாடநூல் படம்போலத் தெரியும். கவலை இறைத்த காலத்துக் கிணறானால், கல்லில் கயிறு தேய்த்த தடமும் இருக்கக்கூடும். எத்தனை தலைமுறைகள் மாடு ஓட்டினவோ!

இன்று ஆழ்துளைக் கிணறு அவ்விடத்தைப் பிடித்துவிட்டது. இதே மாவட்டத்துத் திருச்செங்கோட்டின் துளையிடும் வண்டிகள் இந்தியா முழுவதும் செல்கின்றன. ஆழத்து விரிசல்களில் நீர் மிகக் குறைவு. அது மீண்டும் நிரம்பவும் நெடுங்காலம் ஆகும். மேலடுக்கு வறண்டதும் திறந்த கிணறு குப்பைக் குழியாகிறது. பிறகு மண் போட்டு மூடப்படுகிறது. அதனோடு மழைநீர் இறங்கும் ஒரு வாயிலும், ஊர் வரலாற்றின் ஒரு பக்கமும் மறைகின்றன.

நீங்கள் செய்யக்கூடியவை

ஒரு தாளில் உங்கள் ஊரின் வரைபடத்தை வரையுங்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், குளம், கிணறு, நடுகல் ஆகியவற்றைக் குறியுங்கள். கோடையிலும் ஐப்பசி மழைக்குப் பின்னும் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். மேலே நின்று கயிற்றில் கல் கட்டி அளந்தால் போதும். பெரியவர் துணையின்றிக் கிணற்றருகே செல்லலாகாது. எழுத்துள்ள கல்லைக் கண்டால் சுரண்டவோ சுண்ணாம்பு பூசவோ விடாதீர்கள்; நிழற்படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கிணறு வெட்டிய கதையை முதியோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல் காத்திருக்கும், அதை அறிந்த மனிதர்கள் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

அடுத்த முறை "உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று எவரேனும் கேட்டால், முதலில் அவரை ஒரு பழைய கிணற்றடிக்கு அழைத்துச் செல்லுங்கள்.