சீனாவில் சிலுவை இறங்கும்போது நமக்கென்ன?

சீனாவில் ஒரு பள்ளிவாசலின் குவிமாடத்தை அகற்றும் வீடியோ வந்துவிட்டால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிடும். துஆ கேட்பார்கள், கண் கலங்குவார்கள். கலங்கத்தான் வேண்டும். ஆனால் அதே அரசு, அதே காரணத்தைச் சொல்லி, அதே இயந்திரங்களை அனுப்பி ஒரு தேவாலயத்தை இடித்த செய்தி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2014 ஏப்ரலில் செஜியாங் மாகாணத்து வென்சோ நகரில் சான்ஜியாங் தேவாலயம் தரைமட்டமாக்கப்பட்டது. அது ரகசியமாக இயங்கிய சபை அல்ல, அரசிடம் பதிவு பெற்றது. அனுமதித்த அளவைவிடப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த ஒரே மாகாணத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேவாலயங்களின் உச்சியிலிருந்து சிலுவைகள் அறுத்து இறக்கப்பட்டன. 2018 ஆகஸ்டில் நிங்சியா பகுதியின் வெய்சோ ஊரில் புதிதாகக் கட்டிய பெரிய பள்ளிவாசலுக்கு இடிப்பு அறிவிப்பு வந்தது. கட்டுமான அனுமதி முறையாக இல்லை என்றது அறிவிப்பு. ஹுய் முஸ்லிம்கள் பெருந்திரளாகப் பள்ளியில் போய் அமர்ந்ததால் கட்டடம் தப்பியது, குவிமாடங்கள் தப்பவில்லை.

இந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல. அதைப் புரிந்துகொள்ள சீனக் கிறிஸ்தவர்களின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

கிறிஸ்தவம் சீனாவுக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுபோன மதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் மறைந்து மூன்றே ஆண்டுகளில், 635இல், அலோபென் என்ற துறவி பாரசீகத்திலிருந்து தாங் பேரரசின் தலைநகர் சாங்ஆனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். பேரரசர் அவரை வரவேற்று, 638இல் அனுமதி ஆணையும் கொடுத்தார். இதையெல்லாம் பதிந்த 781ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்றும் சியான் நகரில் இருக்கிறது. 845இல் வேறொரு பேரரசர் பௌத்த மடங்களை ஒழிக்க ஆணையிட்டபோது இந்தச் சபையும் சேர்ந்து நசுங்கியது. அரசர் மனம் வைத்தால் மதம் வாழும், மனம் மாறினால் சாகும். சீனாவில் இது அன்றைக்கே தொடங்கிய வழக்கம்.

ஐரோப்பிய மிஷனரிகள் வந்தது அதன் பிறகு பல நூற்றாண்டுகள் கழித்து. 1601இல் பெய்ஜிங் சென்ற மத்தேயோ ரிச்சி சீன மொழியும் சீன உடையும் ஏற்றுக்கொண்டு அரசவையில் மதிப்புப் பெற்றார். முன்னோர் வழிபாட்டைக் கிறிஸ்தவர்கள் தொடரலாமா கூடாதா என்று பின்னால் எழுந்த சண்டையில் ரோமின் பிடிவாதமும் பேரரசரின் கோபமும் மோதி, 1724இல் தடை வந்தது.

1807இல் ராபர்ட் மோரிசன் கான்டன் துறைமுகத்தில் இறங்கியபோது பிரசாரம் செய்வதே குற்றம். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்துக்கொண்டே பைபிளைச் சீனத்தில் ஆக்கினார். ஒரே ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவருக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. (இன்னொரு முழுச் சீன பைபிளை ஜோஷுவா மார்ஷ்மன் 1822இல் அச்சிட்டு முடித்தது நம் வங்காளத்துச் செராம்பூரில்!)

இந்தப் பொறுமையோடு நின்றிருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆனால் அபின் வந்தது. நம் நாட்டில் விளைந்த அபினைப் பிரிட்டிஷ் வணிகர்கள் சீனாவில் கொட்டினார்கள். கார்ல் குட்ஸ்லாஃப் என்ற ஜெர்மானிய மிஷனரி அபின் கப்பலிலேயே மொழிபெயர்ப்பாளராக ஏறிப்போய், ஒரு பக்கம் அபின் பெட்டிகள் இறங்க மறுபக்கம் வேத நூல்களை விநியோகித்தார். அபின் போர்களில் தோற்ற சீனா ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. 1858, 1860 ஒப்பந்தங்கள் மிஷனரிகளுக்கு உள்நாட்டிலும் பாதுகாப்புக் கொடுத்தன. 1860இல் பிரான்ஸுடன் செய்த ஒப்பந்தத்தின் பிரெஞ்சு மூலத்தில் இல்லாத ஒரு வாசகம், மிஷனரிகள் எங்கும் நிலம் வாங்கலாம் என்ற வாசகம், சீனப் பிரதியில் மட்டும் முளைத்திருந்தது. பீரங்கிக்குப் பின்னால் வரும் தஃவா எப்படிப்பட்ட வெறுப்பை விதைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நமக்குக் கிடைக்காது.

கிராமங்களில் அந்த வெறுப்பு சில்லறை விஷயங்களில் வளர்ந்தது. கோயில் திருவிழாவுக்கு எல்லா வீடும் வரி கொடுக்கும், கிறிஸ்தவ வீடு கொடுக்காது, அரசே விலக்களித்திருந்தது. நில வழக்கில் ஒருவர் கிறிஸ்தவராகிவிட்டால் அவருக்காக மிஷனரி வந்து அதிகாரியிடம் பேசுவார். பேசுபவருக்குப் பின்னால் வெளிநாட்டுத் தூதரகம் நிற்கும். வழக்கில் வெல்வதற்காகவே சபையில் சேர்ந்தவர்களும் உண்டு. வட சீனாவில் மழை பொய்த்தபோது, வானம் கோபித்ததற்குக் காரணம் இவர்கள்தான் என்ற பேச்சு எளிதில் பரவியது.

1900இல் வெடித்தது பாக்ஸர் கலவரம். மிஷனரிகளும் அவர்கள் குடும்பத்தாருமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். உலகம் அவர்களைத்தான் பேசியது. ஆனால் கொல்லப்பட்ட சீனக் கிறிஸ்தவர்கள் முப்பதாயிரம் வரை இருக்கும். ஓர் ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாத, ஒரு பெட்டி அபினும் விற்காத ஏழை விவசாயிகள்தாம் அவர்களில் பெரும்பாலோர். வல்லரசு செய்த அநியாயத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரனைத் தண்டிப்பது என்பது இதுதான். வேறு நாட்டில் யாரோ குண்டு வைத்ததற்கு நம் ஊர் முஸ்லிம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் இந்தக் காலத்தில் நமக்கு இது புரியாமல் போகாது. அந்தப் போரில் அரசுப் பக்கம் நின்ற கான்சு படையில் முஸ்லிம்கள் நிறைய இருந்தார்கள். மா ஃபூலு என்ற ஹுய் தளபதி பெய்ஜிங்கில் மாண்டார். அதையும் சேர்த்தேதான் படிக்க வேண்டும்.

கலவரத்துக்குப் பின் வல்லரசுகள் சீனாவிடம் பெரும் தொகையை நஷ்டஈடாக வசூலித்தன. ஹட்சன் டெய்லர் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷன், தன் ஊழியர்களில் 58 பேரையும் 21 குழந்தைகளையும் பறிகொடுத்திருந்தும், அந்தப் பணத்தை வாங்க மறுத்துவிட்டது. நம் கொள்கைக்கு எதிரானவர்கள் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

அந்த முற்றுகையின் நடுவே, பெய்ஜிங் தூதரக வளாகத்துக்குள், 1900 ஜூலையில் ஒரு குழந்தை பிறந்தது. பயத்தில் தந்தை தூக்கிட்டுக்கொள்ள, அவர் முகத்தைப் பார்க்காமலே வளர்ந்த அந்தப் பிள்ளைதான் பின்னாளில் சீனா முழுக்க அறியப்பட்ட போதகர் வாங் மிங்தாவ். அவருடைய சபை எந்த மிஷனுக்கும் கட்டுப்பட்டதல்ல. வெளிநாட்டுப் பணமும் வாங்கவில்லை. ஜப்பான் பெய்ஜிங்கை ஆண்டபோது எல்லாச் சபைகளையும் ஒரே அமைப்பில் சேரச் சொன்னது. அவர் சேரவில்லை.

1949இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்து, சில ஆண்டுகளில் மிஷனரிகளை எல்லாம் வெளியேற்றினார்கள். பிறகு ‘மூன்று சுயங்கள்’ என்றொரு தேசபக்த இயக்கத்தை அமைத்தார்கள். சுயநிர்வாகம், சுயபொருளாதாரம், சுயபிரசாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் வேடிக்கை, இந்த மூன்றையும் முதலில் வகுத்ததே ஹென்றி வென், ரூஃபஸ் ஆண்டர்சன் என்ற 19ஆம் நூற்றாண்டு மிஷன் தலைவர்கள்தான். உள்ளூர்ச் சபை தன் காலில் நிற்கட்டும் என்று அவர்கள் சொன்னதைக் கட்சி எடுத்து, சபையைத் தன் கையில் வைத்துக்கொள்ளப் பயன்படுத்தியது.

வாங் மிங்தாவின் சபை இந்த மூன்று சுயங்களையும் ஏற்கெனவே கடைப்பிடித்த சபை. ஆனால் இயக்கத்தில் சேர மாட்டேன் என்றார். 1955 ஆகஸ்டில் கைது செய்தார்கள். ஓராண்டு கழித்து, குற்றத்தை ஒப்புக்கொண்ட கடிதத்தில் கையெழுத்து வாங்கி விடுவித்தார்கள். வெளியே வந்தவர் மனம் உடைந்துபோனார். நிர்ப்பந்தத்தில் எழுதிய அதை ஏற்க மறுத்ததும் 1958இல் மறுபடி சிறை, பின்பு ஆயுள் தண்டனை. 1980இல்தான் வெளியே விட்டார்கள். மத்ரஸாவில் ‘இக்ராஹ்’ பாடம் படித்தவர்களுக்கு அந்த நடு ஆண்டைப் படிக்கும்போது அம்மார் இப்னு யாசிர் (ரலி) அவர்கள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். சித்திரவதையில் நாவு சொன்னதும், உள்ளம் அதற்காக அழுததும்.

வெளிநாட்டுத் தொடர்பு ஒரு சாக்குத்தான் என்பது இங்கே வெளிச்சமாகிறது. அரசு கேட்டது தேசபக்தியை அல்ல, சாவியை. சாவியைத் தராத கத்தோலிக்கரான ஷாங்காய் பிஷப் குங் பின்மெய் 1955இலேயே கைதாகி முப்பது ஆண்டுகள் சிறையில் இருந்தார். போதகர் வாட்ச்மேன் நீ 1972இல் உழைப்பு முகாமிலேயே இறந்தார். அதே அச்சில் 1953இல் சீன இஸ்லாமியச் சங்கமும், 1957இல் கத்தோலிக்க தேசபக்தச் சங்கமும் வார்க்கப்பட்டன. கலாசாரப் புரட்சி வந்தபோது சங்கங்களும் உதவவில்லை. தேவாலயம், பள்ளிவாசல், விகாரை எல்லாம் பூட்டப்பட்டன. பூட்டிய பள்ளியைத் திறக்கக் கேட்ட யுன்னான் மாகாணத்து ஷாதியன் ஊர் முஸ்லிம்கள்மீது 1975 ஜூலையில் ராணுவம் பாய்ந்தது. சுமார் 1,600 பேர் ஷஹீதானார்கள்.

இத்தனைக்கும் பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. மிஷனரிகள் இருந்த காலத்தின் முடிவில், 1949இல், சீனாவில் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் பத்து லட்சத்தை எட்டவில்லை அல்லது ஒட்டி நின்றார்கள். 2018இல் அரசே வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் அவர்கள் 3.8 கோடி. வீட்டில் கூடித் தொழும் பதிவில்லாத சபைகள் பலவற்றின் கணக்கு வேறு. வெளிநாட்டார் போன பிறகே, சமையலறையிலும் வயல் குடிசையிலும் கூடிய சாதாரண மக்களால் அது வளர்ந்தது. இந்த வளர்ச்சிதான் கட்சிக்கு இன்று பயம்.

அந்தப் பயத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘சீனமயமாக்கல்’. 2018 பிப்ரவரியில் கடுமையாக்கப்பட்ட மத விவகார விதிகள் அமலுக்கு வந்தன. அதே ஆண்டு இணையக் கடைகளிலிருந்து பைபிள் மறைந்தது. டிசம்பரில் செங்டு நகரின் ஒரு பெரிய வீட்டுச் சபைமீது சோதனை நடத்தி, சட்டப் பேராசிரியராக இருந்து போதகரான வாங் யியைக் கைது செய்தார்கள். அரசைக் கவிழ்க்கத் தூண்டினார் என்று ஒன்பது ஆண்டுச் சிறை. கைதுக்குச் சில மாதங்கள் முன்பு ஆற்றிய பிரசங்கத்தில் அவர் சின்ஜியாங்கையும் திபெத்தையும் பெயர் சொல்லி, அங்கே நடக்கும் போர்தான் இங்கேயும் நடக்கிறது என்று பேசியிருந்தார். உய்குர் முஸ்லிம்களை நினைத்த ஒரு போதகர் சிறையில் இருந்தார். அதே சமயம், 2019 ஜூலையில், சின்ஜியாங் முகாம்களைக் கண்டித்து ஐ.நா.வுக்கு 22 நாடுகள் எழுதின. ஒன்றுகூட முஸ்லிம் நாடு இல்லை. சீனாவைப் பாராட்டி எழுதிய மறு கடிதத்தில் சவூதியும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டிருந்தன.

ஒரு கேள்வி வரும் என்று தெரியும். சீனக் கிறிஸ்தவர்கள் நம்மவர்களையே மதம் மாற்றக் கிளம்பியவர்கள் ஆயிற்றே? உண்மைதான். ‘எருசலேமுக்குத் திரும்புவோம்’ என்ற பெயரில், சீனாவிலிருந்து மேற்கே முஸ்லிம் நாடுகள் வழியாகப் பிரசாரம் செய்துகொண்டே போகும் கனவு 1940களிலிருந்தே அவர்களில் சிலருக்கு உண்டு. அதை நாம் ஏற்க முடியாது. அதற்கு நம்மிடம் உள்ள பதில் நம் தஃவா, நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் கல்வி.

2017 மே மாதம் குவெட்டாவில் இரண்டு சீன இளைஞர்கள் கடத்தப்பட்டார்கள். ஜூனில் கொன்றுவிட்டோம் என்றது தாயிஷ். வணிக விசாவில் வந்து, உருது படிக்கும் பேரில் பிரசாரம் செய்தார்கள் என்று பாகிஸ்தான் உள்துறை அமைச்சகம் சொன்னது. விசா மீறலுக்குத் தண்டனை நாடு கடத்துவது. அந்த இருவரைக் கொன்றது பச்சைக் கொலை. அதைச் செய்தவர்கள் நம் தீனின் பெயரைச் சொல்லிச் செய்ததால், கண்டிக்க வேண்டிய முதல் வாய் நம்முடையது. சூரத்துல் ஹஜ்ஜின் 40ஆம் வசனம், மனிதர்களைக் கொண்டே மனிதர்களை அல்லாஹ் தடுத்திராவிட்டால் இடிக்கப்பட்டிருக்கும் இடங்களைப் பட்டியலிடுகிறது. துறவிகளின் மடங்களும் கிறிஸ்தவர், யூதர் ஆலயங்களும் முன்னே வருகின்றன, பள்ளிவாசல்கள் கடைசியில். ஓதும்போது அந்த வரிசையைக் கவனியுங்கள்.

இப்போது பிள்ளைகள் விஷயம். சின்ஜியாங்கில் பதினெட்டு வயதுக்குக் கீழானவர்கள் மத நடவடிக்கைகளில் பங்கேற்பதே தடை. சின்ன மக்கா என்று பெயர் பெற்ற கான்சு மாகாணத்து லின்சியாவில், 2018இல், பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பள்ளிவாசலில் மார்க்கம் படிக்கக் கூடாது என்றாகிவிட்டது. விடுமுறையில் குர்ஆன் ஓதவந்த பிள்ளைகளின் வகுப்புகள் காலியாயின. ஷென்சென் நகரின் ஒரு சிறு கிறிஸ்தவ சபை, தம் பிள்ளைகளைத் தம் வேதப்படி வளர்க்க முடியாது என்று கண்டு, ஏறக்குறைய அறுபது பேராகக் கொரியாவின் ஜெஜு தீவுக்குக் கிளம்பியது. அங்கே அகதி அந்தஸ்து கிடைக்கவில்லை. 2022இல் தாய்லாந்து போனார்கள், அங்கே பிடிபட்டார்கள். 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் இறங்கினார்கள். அந்த அறுபது பேரில் ஏறக்குறையப் பாதி குழந்தைகள். லின்சியாவின் பிள்ளைகளுக்குப் போக இடமில்லை. அவர்கள் வீட்டில் உம்மாவிடம் ஓதுகிறார்கள்.