கோடையில் கணக்கெடுத்தால் காந்தள் தெரியாது

சித்திரை வெயிலில் கரட்டடியில் நின்று பார்த்தால் சூரைமுள்ளும் காய்ந்த புல்லும்தான் கண்ணில் படும். அதே மண்ணைத் தோண்டினால் ஏர்க்கலப்பை போல வளைந்த கிழங்கு அகப்படலாம். கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்று ஊருக்கொரு பெயர் அதற்கு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு அது. மழை விழுந்த பிறகுதான் கொடி தலைகாட்டும்.

சுரங்கத்துக்கு முன் நடக்கும் தாவரக் கணக்கெடுப்பு சறுக்குவது இங்கேதான். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கு, மழைக்காலம் அல்லாத ஏதேனும் ஒரு பருவத்தின் தரவு போதும் என்கிறது மத்திய அரசின் மாதிரி வரையறை. மார்ச் முதல் மே வரை மட்டும் பார்த்துவிட்டு, 'அரிய தாவரம் எதுவும் இல்லை' என்று எழுதிவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தை 'மழைக்குப் பிந்தைய பருவம்' என்கிறது அதே வரையறை. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் நமக்கு இது எப்படிப் பொருந்தும்? போதாக்குறைக்கு, புதர்நிலங்களைத் 'தரிசு' கணக்கில் சேர்க்கும் வழக்கமும் இருக்கிறது.

மகாராஷ்டிராவின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்க அறிக்கை, ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையைப் பார்த்து எழுதப்பட்டதென அம்பலமானது. அதனால் அறிக்கையை வாசித்தே ஆக வேண்டும்.

சுரங்கம் பற்றிய மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும், அதன் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். எந்த மாதம் கணக்கெடுத்தார்கள், எந்த இடத்தில் நின்று எடுத்தார்கள், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செடி பட்டியலில் உண்டா என்று பாருங்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். வேண்டுமென்றே தகவலை மறைத்திருந்தால், கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியையும் ரத்து செய்ய 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இடமுண்டு. அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை அவகாசம் கிடைக்கும்.

ஆனால் ஒரு கதவு அடைபட்டிருக்கிறது. டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது.

மதுரை அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த மண்ணும் டங்ஸ்டன் ஏலப் பகுதிக்குள் வந்தது. மக்கள் திரண்டு போராடிய பிறகே, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அங்கே உள்ள உயிர்களைப் பற்றிய அரசுப் பதிவு முன்பே இருந்தது போராட்டத்துக்குப் பெரிய பலம்.

அந்தப் பலத்தை ஒவ்வொரு ஊரும் தேடிக்கொள்ளலாம். உள்ளாட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும் என்பது சட்டம். வரும் ஐப்பசியில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கரட்டுக்குப் போங்கள். பூத்திருப்பதைத் தேதியோடு படமெடுத்து, அந்தப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள்.